பாலத்தில் நின்ற குமாஸ்தா

விஜயம் ஏழு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், தன் மாமனாரோடு யுத்தம் செய்தாள். ஒரு நாளும் உட்கார்ந்து செய்ததில்லை. மாமனார் எதிரில் மருமகள் உட்காரக்கூடாது என்பது எங்கள் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் அன்றைக்கு எழுதாத சட்டம். அதனால் ஜப்பான் படை முழுவதையும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே நடத்தினாள். இந்தப் பக்கம் பிரம்பு நாற்காலியில் கல்யாணராமன் மாமா. நடுவில் சோழி உருட்ட நான்.

1947-ல் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கணக்கனாகத் திருநெல்வேலியிலிருந்து வந்து அவர்களுக்கு அடுத்த வீட்டில் குடியேறினேன். முதல் ஞாயிறே மாமா கூப்பிட்டனுப்பினார். "ஓய் ராமசுப்ரமணியன், உமக்குப் பட்சபாதம் கிடையாதே? சோழி எண்ணத் தெரியுமோ?" என்று கேட்டார். எனக்குப் பட்சபாதம் உண்டு, அந்த வீட்டுக் காப்பியின் மேல். அதைச் சொல்லாமல் உட்கார்ந்தேன்.

மாமாவின் ஒரே பிள்ளை ஸ்ரீகண்டன். விஜயத்தைக் கல்யாணம் செய்து இரண்டு வருஷத்தில் பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மலேயாவுக்குப் போனவன். 1942-ல் அங்கே ஸ்லிம் ஆற்றங்கரையில் ஜப்பான் டாங்குகள் புகுந்தபோது அவன் இருந்த படை சிதறியது. காணவில்லை என்று சர்க்கார் சொன்னது. இறந்தான் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குள் மாமியும் காலமாகி, வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டு வாசற்கதவைப் பூட்டியதே இல்லை. பிள்ளை வந்து நிற்கும்போது பூட்டியிருக்கக்கூடாது என்பது மாமாவின் பிடிவாதம். இருவரில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தாக வேண்டும். மாமா நாள் தவறாமல் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போய்ப் பிள்ளைக்காகத் தேங்காய் உடைப்பார். அந்த நேரமெல்லாம் விஜயம் உள்ளே. அவர் திரும்பி வந்து கால் அலம்பிய பிறகு அவள் கோவிலுக்கு ஓடிப்போய் ஓடிவருவாள். அவள் பிறந்த வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. அவளுடைய உலகம் வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடுவில் முடிந்துவிட்டது.

மேஜையில் இருந்தது அந்த ஸ்லிம் ஆறு. நீலக் காகிதத்தில் ஆறு, சிகரெட் பெட்டி அட்டையில் பாலம், விளக்குமாற்றுக் குச்சியில் ரப்பர் தோட்டம். பத்திரிகையில் படித்ததையும் திரும்பி வந்த சிப்பாய்கள் சொன்னதையும் வைத்து மாமா அமைத்தது. அதன்மேல் படைகள். அந்தப் படைகளைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஸ்ரீகண்டன் சின்ன வயதில் விளையாடிய ஈயச் சிப்பாய்கள் அவை. மதராசில் வாங்கிய சீமைச் சரக்கு. சிவப்புக் கோட்டும் தலையில் கரடித்தோல் தொப்பியுமாக எல்லாரும் லண்டன் அரண்மனை வாசலில் காவல் நிற்கிறவர்கள். இவர்களை வைத்து மலேயாவில் எப்படிச் சண்டை போடுவது? விஜயம் அரம் எடுத்தாள். தொப்பியை ராவித் தலையாக்கினாள். அதன்மேல் சட்டைப் பொத்தானை வைத்து அரக்கை உருக்கிவிட்டால் இரும்புத் தொப்பி. அரக்கு என் ஆபீசிலிருந்து போனது. கம்பெனி என்னை மன்னிக்கட்டும். தையல் நூலைப் பசையில் தோய்த்துச் சுற்றினால் சீக்கியன். நூலின் சுற்று ஒவ்வொன்றும் தலைப்பாகை மடிப்பாகத் தெரியும்.

பூச்சுதான் அதிசயம். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய எனாமல் டப்பாக்கள் நாலே நிறம். மஞ்சளில் கறுப்பும் ஒரு சொட்டுச் சிவப்பும் கலந்து காக்கி வரவழைப்பாள். அது காய்ந்ததும் கண்மையைக் கற்பூரத் தைலத்தில் நீர்க்கக் கரைத்து மேலே ஓடவிடுவாள். மை சட்டை மடிப்புகளில் போய்த் தங்கும். மேட்டைத் துணியால் ஒற்றி எடுத்தால் விரல் நீளப் பொம்மை வியர்த்துக் களைத்த மனிதனாகிவிடும். கண்ணுக்கு எலுமிச்சை முள்ளின் நுனி. அணில் மயிர்ப் பிரஷைத் தொட்டால் மடி போய்விடும் என்று எல்லாம் கிணற்றடியில், சமையல் முடிந்த பிறகு. முடித்ததும் மறுபடி ஒரு குளியல். அந்தச் சிப்பாய்களுக்காக அவள் மழைக்காலத்திலும் தினம் இரண்டு தடவை குளித்தாள். இருமுவாள், அரத்தை எடுப்பாள். வேறு என்னதான் செய்வாள், பாவம்.

அவற்றில் ஒன்று மட்டும் சிப்பாய் இல்லை. மூக்கின்மேல் மெல்லிய கம்பியை வளைத்து மூக்குக்கண்ணாடி, நெற்றியில் மூன்று மெல்லிய விபூதிக் கோடு, கையில் தீக்குச்சி மரத்தில் செய்த டைப்ரைட்டர் பெட்டி. யார் என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாலே தெரியும். பாலத்தின் நடுவில் அதுதான் நிற்கும்.

ஆட்டத்தின் விதி எளிது. ஆறு சோழி உருட்டுவேன். எத்தனை வாய் மல்லாந்து விழுகிறதோ அத்தனை பேர் எதிர்ப்படையின் முன்வரிசையில் சாய வேண்டும். இதற்கு மாமா ஒரு விலக்கு வைத்திருந்தார். குமாஸ்தா ஆயுதம் ஏந்தாதவன், அவனைச் சுடக்கூடாது. அதனால் ஞாயிறுதோறும் சீக்கியன் சாவான், கூர்க்கா சாவான், ஜப்பான்காரனும் சாவான். சுற்றிலும் பிணம் கிடக்க, பாலத்தில் டைப்ரைட்டரோடு நம் குமாஸ்தா மட்டும் ஆபீசுக்கு நேரமானவன்போல நின்றுகொண்டிருப்பான். "பார்த்தீரா, அவனுக்கு ஒண்ணும் ஆகலை" என்பார் மாமா. விஜயம் செத்தவர்களைப் பெட்டியில் அடுக்குவாள். அடுத்த ஞாயிறு எல்லாரும் உயிரோடு எழுந்து வருவார்கள்.

எங்கள் தெருவுக்கும் அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுக்குப் பொட்டு உண்டு, பூ உண்டு, தாலி உண்டு. ஆனாலும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடும்போது குங்குமச் சிமிழ் அவள் வாசலில் ஒரு நிமிஷம் தயங்கும். கூப்பிடாமல் போனால் சாபம், கூப்பிட்டால் அபசகுனம் என்று அந்தப் பெண்கள் பட்ட அவஸ்தையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், அவள் முகத்தைப் பார்க்கும்வரை.

இதற்கு ஒரு முடிவு சாஸ்திரத்தில் இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு தகவலும் வராவிட்டால், தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் கர்மம் செய்துவிடலாம். 1954 தொடங்கியதும் குடும்பத்து வாத்தியார் வந்து மெதுவாக ஞாபகப்படுத்தினார். மாமா பதிலோடு தயாராக இருந்தார். கணக்கு நாற்பத்திரண்டிலிருந்து இல்லை, நாற்பத்தெட்டிலிருந்து என்றார். காரணம் ஐயப்பன்.

ஐயப்பன் பினாங்கில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு நாற்பத்தெட்டில் ஊர் திரும்பியவன். அங்கே ஒரு கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட பட்டர், அதாவது நம் தமிழ்ப் பிராமணர், ஒருவரைப் பார்த்ததாக எங்கோ சொன்னான். அது மாமாவின் காதுக்கு வந்தது. கூப்பிட்டு உட்கார வைத்து அடை போட்டார்கள். இரண்டாவது அடையில் அந்த மனிதர் உயரம் என்பது ஞாபகம் வந்தது. மூன்றாவதில் விபூதி தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். தின்னத் தின்ன அவன் ஞாபகம் தெளிந்துகொண்டே போயிற்று. தகவல் வந்தால் பன்னிரண்டு வருஷமும் மறுபடி முதலிலிருந்து. இந்தக் கணக்கில் ஐயப்பனுக்கு வயிறு உள்ளவரைக்கும் ஸ்ரீகண்டனுக்குச் சாவு கிடையாது, விஜயத்துக்கு வாசலும் கிடையாது.

அந்த 1954 மாசியில் என் பெண் படித்த பள்ளிக்கூடத்தில் கைவேலைப் பொருட்காட்சி. விஜயத்தைக் கேட்டு ஆறு சிப்பாய்களை ஒரு கூடையில் எடுத்துப்போய் வைத்தேன். தலைமையாசிரியை ராஜபாய், நாகர்கோவில்காரி, சீக்கியனின் தலைப்பாகையைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு யார் செய்தது என்றாள். மறுநாளே வீட்டுக்கு வந்தாள். ராஜபாய் நாற்காலியில் உட்கார்ந்தாள், விஜயம் தூணோரம் நின்றாள். சித்திரமும் கைவேலையும் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், பரீட்சையெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம், ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்தால் போதும் என்றாள். விஜயம் மாமனாரைப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் அவள் முகத்தில் ஆசை என்று ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான்.

மாமா கொடுமைக்காரர் அல்ல. அப்படி இருந்தால் எதிர்த்தாவது நிற்கலாம். அவர் கெஞ்சினார். "நான் பிள்ளையார் கோவிலுக்குப் போறச்சே நீயும் பள்ளிக்கூடத்திலே இருந்தா, அவன் வந்தா யார் கதவைத் திறப்பா? அவன் வரட்டும். அவனே அனுப்பி வைப்பான்" என்றார். ராஜபாய் பதிலை மே மாசத்துக்குள் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போனாள். விஜயம் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வராத மனிதன் ஒருவன் உத்தரவு கொடுக்க வேண்டுமாம்.

சித்திரை பிறந்ததிலிருந்து அவள் கிணற்றடியில் அரத்தின் சத்தம் கேட்டது. என்ன செய்கிறாள் என்று நான் பார்க்கவில்லை.

மே முதல் ஞாயிறு. படைகளை அடுக்கும்போது மாமாவின் கை பாலத்தின்மேல் நின்றுவிட்டது. குமாஸ்தாவின் கையில் டைப்ரைட்டர் இல்லை. ஒரு பழைய அரண்மனைக் காவல்காரனின் வலது கையைத் துப்பாக்கியோடு கழற்றி, குண்டூசியால் தோளில் பொருத்தி, இணைப்பை அரக்கால் மூடிப் பூசியிருந்தாள். தலையில் பொத்தான் தொப்பி. மூக்குக்கண்ணாடியும் விபூதியும் அப்படியே இருந்தன. பயந்தவன், ஆனால் நகராதவன். அப்படி ஒரு முகத்தை எழுதியிருந்தாள்.

மாமா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நம்ம ஸ்ரீகண்டன் துப்பாக்கி பிடிச்சிருப்பான்கிறியா?"

"பிடிச்சிருப்பார்" என்றாள் விஜயம். "எல்லாரும் சாகறச்சே பெட்டியைப் பிடிச்சுண்டு நிக்கறவர் இல்லை அவர்."

மாமாவின் முதுகு நிமிர்ந்தது. அப்பாவாக அவருக்கு அது பெருமையாக இருந்தது. பொம்மையைப் பாலத்தின் முன்வரிசையில், இரண்டு சீக்கியர்களுக்கு நடுவில், தானே நிறுத்தினார்.

"துப்பாக்கி பிடிச்சவா எல்லாரும் கணக்கிலே உண்டு. நீங்க வெச்ச விதிதான், அப்பா" என்றாள்.

அவர் அப்போதுதான் புரிந்துகொண்டார். என்னைப் பார்த்தார். பொம்மையை எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் பிள்ளையின் கையில் துப்பாக்கியைப் பார்த்த பிறகு மறுபடி டைப்ரைட்டரைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. "உருட்டும் ஓய்" என்றார்.

விஜயம் டாங்குகளை ரோட்டோடு கொண்டுவந்தாள். தீப்பெட்டி டாங்குகள். முதல் தடவை உருட்டினேன். ஆறு சோழியும் கவிழ்ந்தன. மாமா மூச்சு விட்டார். அவள் அடுத்த டாங்கை நகர்த்தினாள். மறுபடி உருட்டினேன். வாய் மல்லாந்தவை மூன்று. பாலத்தின் முன்வரிசையில் இருந்தவர்களும் மூன்று பேர்.

"மூணு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவள் ஒரு சீக்கியனைச் சாய்த்தாள், அடுத்தவனையும் சாய்த்தாள். பிறகு இரண்டு விரலால் அவனைத் தூக்கி, மூக்குக்கண்ணாடி நசுங்காமல் மல்லாக்கப் படுக்கவைத்தாள்.

"அப்பா, ஸ்ரீகண்டன் போயாச்சு" என்றாள்.

புருஷன் பெயரை வாயால் சொல்லும் மனைவி எங்கள் தெருவில் கிடையாது. ஏழு வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப்போட்டு, மாமனார் எதிரில் உட்கார்ந்தாள்.

மாமா கையை நீட்டினார். நிமிர்த்திவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பொம்மையை எடுத்து, ரோட்டை விட்டுத் தள்ளி, ஆற்றங்கரை ரப்பர் மரத்தடியில் படுக்கவைத்தார்.

"வழியிலே கிடக்கான். டாங்க் ஏறிடும்" என்றார். பிறகு குனிந்து அழுதார். நானும் அழுதேன். விஜயம் அழவில்லை, எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கரமனை ஆற்றங்கரையில் தர்ப்பை உருவத்தை எரித்தார்கள். அன்று அவள் பொட்டும் தாலியும் போயின. பொட்டை அழித்தால்தான் வாசலைத் தாண்டலாம் என்று ஏற்பாடு செய்தவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தாள்.

ஜூனில் பள்ளி திறந்த காலை, விஜயம் குடையோடு வாசலில் நின்றாள். முதல் நாள் கொண்டுவிடத் தானும் வருவதாக மாமா மேல்துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அப்படியானால் வீட்டில் யார்? இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமா உள்ளே போய்ப் பரணைக் குடைந்து ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை. நான் என் வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டேன்.

பூட்டி, இழுத்துப் பார்த்தார். படி இறங்கியவர் திரும்ப ஏறி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். சாவியை மடியில் செருகப் போனவர், நிறுத்தி, அவளிடம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்கோ. இனிமே யார் வந்தாலும் சாயங்காலமா வரட்டும்" என்றார்.

அவள் சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.