விலாசத்தில் இல்லாத சாட்சி

அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் வெளிநாட்டு கோர்ட்டிலிருந்து ஒரு தடித்த கவர் வந்தது. எங்கள் வீட்டுக்குக் காகிதம் என்று எது வந்தாலும் என் மடியில்தான் விழும். பரம்பரையிலேயே பி.காம். வரை போனவன் நான் ஒருவன்தான். திருவொற்றியூரில் எங்கள் சந்து முழுக்க, கரண்ட் பில்லில் சந்தேகம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

அண்ணன் அந்த நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டருக்கு உதவியாளாக இருந்தான். ஒரு மத்தியானம் கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கியவன் விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்தான். உள்ளே காற்றைச் சோதிக்காமல் ஆளை இறக்கினார் என்று மேற்பார்வையாளர்மேல் அங்கே கிரிமினல் வழக்கு. அவர் தரப்பு சொன்ன பதிலும் கவரில் இருந்தது. யாரும் இறங்கச் சொல்லவில்லையாம். வெயிலுக்கு நிழல் தேடி, தூங்குவதற்காக, அவனாகவே தொட்டிக்குள் போனானாம்.

அந்த ஒரு வரியை நான் விழுங்கியிருக்கலாம். படித்தவன் அல்லவா, ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசித்துவிட்டேன்.

"தூங்கவா? ராத்திரி முழுக்க ஃபேனுக்கு கீழ பொரண்டுகினு கெடப்பான், தூக்கமே வராது அவனுக்கு. எவன் எழுதினான் இத்த?" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "நைனா, அந்த வரிய மட்டும் அடிக்கச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணியும் வாணாம்" என்றாள்.

அடிக்க வேண்டுமானால் சாட்சி வேண்டும். அன்று அண்ணனோடு வேலையில் இருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர், இருவரும் ஊர் திரும்பிவிட்டவர்கள். ஒருவர் எண்ணூரில் இருந்தார். அவருக்கு அந்த நாடு விமான டிக்கெட், தங்க அறை, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் தருவதாக எழுதியிருந்தது. நான் போனபோது அவர் புது பனியனோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அதே முதலாளி அடுத்த கான்ட்ராக்டுக்குக் கூப்பிட்டிருந்த சேதி எனக்கு முன்பே தெரியும்.

"தம்பி, அந்த ஊரு வெயில்ல எனக்கு மறதி வந்துட்சுபா. ஒங்க அண்ணன் மொகமே மறந்துட்சின்னா பாத்துக்கோ" என்றார்.

சுதந்திரமாக இருக்கிற மனிதரைக் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுக்கு சாட்சி சொல்ல அனுப்ப முடியாது. அவர் சுதந்திரமாக உட்கார்ந்து மிச்ச டீயைக் குடித்தார்.

இன்னொருவர் தண்டையார்பேட்டைக்காரர், அண்ணனின் தோஸ்து. சீட்டாட்டத் தகராறில் ஒருவன் தலையில் பாட்டிலால் அடித்துவிட்டு, கோர்ட்டில் ஒத்துக்கொண்டு, பதினெட்டு மாதத் தண்டனையில் சிறையில் இருந்தார். அவரை அனுப்ப முடியுமா என்று மூன்று வக்கீல்களிடம் கேட்டேன். ஒருவர் முடியாது என்றார். ஒருவர் "சினிமா பாப்பியா தம்பி?" என்றார். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பதில் அந்தக் கவரிலேயே ஏழாவது பக்கத்தில் இருந்தது. இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒப்பந்தம் உண்டு. கைதி சம்மதித்தால் காவலோடு அனுப்பலாம், காவலிலேயே வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அங்கே போன இடத்தில் பழைய விஷயம் எதற்காகவும் அவரைப் பிடித்து வைக்கக் கூடாது. கறுப்பு கோட்டு மாட்டிய மூன்று பேரும் கவரை மேசையில் வைத்துத் தட்டினார்களே தவிர, பிரித்துப் பார்க்கவில்லை.

மனு போட்டு சிறையில் அவரைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபோனை எடுத்ததும் சிரித்தார்.

"இன்னாபா, ஜெயில்லேர்ந்து ஸ்ட்ரெய்ட்டா ஃபாரினா? ஏரியா பசங்க கேட்டா வயிறு எரிவானுங்க."

"சம்மதம்னு நீங்களா கையெழுத்து போடணும்ணே. யாரும் வற்புறுத்தக் கூடாது."

"நீ வற்புறுத்தேன், நல்லாத்தான் கீது." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒங்கண்ணன் தூங்கப் போவலடா. ஒங்கம்மா கைல சொல்லு. எங்க வேணா வந்து சொல்றேன்."

கையெழுத்து அன்றைக்கே ஆனது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன், அவ்வளவு வெகுளி நான். அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுசுக்கு எழுதிக் கொடுத்தோம். அதன் விசாரணைக்காக அவர் ஏரியா ஸ்டேஷன் போலீஸ்காரர் ஒருவர், ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி ஏறி அவர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஆளு எங்கம்மா?"

"உள்ள கீறாரு சார்" என்றார் அவர் மனைவி.

"வரச் சொல்லு."

"ஜெயிலு உள்ள சார். இதே வாசல்லேர்ந்து நீங்கதான இட்டுகினு போனீங்க. செருப்பு மாட்டிக்கறேன்னாரு, அத்த கூட வுடல நீங்க."

போலீஸ்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப வந்தது கேஸ் விஷயமா. இப்ப வந்திருக்கறது பாஸ்போர்ட் விஷயமா. ரெண்டையும் போட்டு கொழப்பாதம்மா" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டு இறங்கினார். குறிப்பிட்ட விலாசத்தில் மனுதாரர் வசிக்கவில்லை என்று அறிக்கை போனது.

பாஸ்போர்ட் ஆபீஸில் சிறையின் விலாசத்தையே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார். சிறை விலாசம் என்றால் அங்கே குடியிருப்பதற்குச் சான்று வேண்டும். ரேஷன் கார்டு, கேஸ் பில், வாடகை ஒப்பந்தம், ஏதாவது ஒன்று போதும். அவர் கிண்டல் செய்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, உதவி செய்துகொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஒரே ஒரு வேலை மட்டும் மின்னல் வேகத்தில் நடந்தது. கைதியோடு வழிக்காவலாக யார் வெளிநாடு போவது என்ற வேலை. வழக்கு என்னவென்றே தெரியாத அதிகாரிகளெல்லாம் வழக்கில் அக்கறை கொண்டார்கள். கடைசியில் இரண்டு பேர் தேறினார்கள். அவர்களுக்கு பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது, பெட்டி வாங்கிவிட்டார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க குளிருமா தம்பி? ஸ்வெட்டர் எடுக்கணுமா?" என்றார்.

"வெயில் சார். எங்க அண்ணன் நிழல் தேடித்தான் போனான்னு சொல்றாங்க" என்றேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

வழி சொன்னது வீட்டுக்கு விசாரணைக்கு வந்த அந்த போலீஸ்காரர்தான். "எனக்கு இன்னா விரோதமா? ஆள ஒரு நாள் வூட்ல நிக்க வை. கண்ணால பாத்துட்டு எழுதிட்டுப் போறேன்" என்றார்.

சிறையிலிருந்து சில மணி நேரம் விடுப்பு கேட்பதற்கு ஒரு படிவம். சாவு, கல்யாணம், கடும் நோய் என்று போட்டிருந்தது. வீட்டில் இருப்பதை வீட்டுக்கு வந்து நிரூபிக்க என்று ஒரு கட்டம் கிடையாது. அப்பா இல்லாததால் அவர் சின்னப் பெண்ணுக்குக் காது குத்தாமல் தள்ளிக்கொண்டே போயிருந்தது. 'பிற காரணங்கள்' என்ற இடத்தில் அதை எழுதினேன். பஞ்சாங்கத்தை யாரும் தொடவில்லை. போலீஸ்காரருக்கு என்றைக்குப் பகல் டூட்டி என்று கேட்டு நாள் குறித்தோம்.

காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. நான்கு காவலர்கள் நடுவே அவர் படியேறினார். மாடிப்படியெல்லாம் தலைகள். இரண்டு காவலர்கள் கதவோரம் நின்றார்கள், இரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். குழந்தை மாமன் மடியில் வீறிட்டது. அதைவிட அப்பன் அதிகமாக அழுதார். பதினொன்றரைக்கு விசாரணைப் போலீஸ்காரர் நோட்டோடு வந்து, காவலுக்கு வந்தவர்களுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, அவர் எதிரே நின்றார்.

"இந்த அட்ரஸ்லதான் இருக்கியா?"

"கீறேன் சார்."

"எவ்ளோ நாளா?"

"காலைல ஒம்போது மணிலேர்ந்து."

"யோவ், பொறந்ததுலேர்ந்துன்னு சொல்லுய்யா. என் வேலைக்கு வேட்டு வெக்காத."

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார்: "இது இன்னா கூத்துடி! புடிச்சிகினு போனவனே வந்து, ஆளு கீறானா இல்லியான்னு கேட்டுகினு கீறான்." அந்த அக்காவே அண்டைவீட்டார் என்ற இடத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். போலீஸ்காரர் எழுதி முடித்துப் பிரியாணி சாப்பிட்டார். மூன்று மணிக்கு வேன் அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. எட்டாவது நாள் பாஸ்போர்ட் வந்தது.

போனார்கள், வந்தார்கள். இரண்டு அதிகாரிகளும் கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ஆனால் திரும்பி வந்தபின் அவர்கள் பேச்சைக் கேட்டால் வழக்கையே அவர்கள்தான் நடத்தினார்கள் என்று தோன்றும். ஸ்டேஷன் முழுக்க சாக்லேட் கொடுத்தார்கள். சாட்சி சொன்னவர் அந்த ஊர் சிறையில் நான்கு நாள் இருந்தார். "ரூமு சூப்பரு, சோறு கலீஜு" என்றார் என்னிடம். அந்த நாட்களும் தண்டனையில் கழியும் என்று நான் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு கவர். மேற்பார்வையாளர் குற்றவாளி என்று தீர்ப்பு. தூங்கப் போனார் என்ற வாதம் ஏற்கப்படவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. கூடவே சாட்சியத்தின் நகலும் வந்திருந்தது. அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் மனசுக்குள் தமிழாக்கி வாசித்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டிருந்தார்: நீங்கள் தண்டனை பெற்ற கைதி, உங்களை இந்த நீதிமன்றம் ஏன் நம்ப வேண்டும்? இவர் பதில்: நான் அடித்ததை எங்கள் ஊர் கோர்ட்டில் நானே ஒத்துக்கொண்டேன், பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லி வெளியே இருந்திருப்பேன்.

"கரீக்டா சொன்னான்யா" என்றாள் அம்மா. அண்ணன் இறந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த பக்கத்தில் அவர் சொன்னது: மேற்பார்வையாளர் கைகாட்டி இறங்கச் சொன்னார். ஏணியை நான் பிடித்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், குரல் வரவில்லை. நானும் நான்கு படி இறங்கினேன், தலை சுற்றியது, மேலே இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது அவன் சுவரில் சாய்ந்து, தலையைத் தொங்கவிட்டு, தூங்குகிறவன் மாதிரி இருந்தான்.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"அவ்ளோதாம்மா."