பெரியம்மா கையில் என் ஆப்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பக்கத்தில் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி போய்விடும். "அருவியில தண்ணி விழுதா?" என்று முதலில் போன் வரும். அடுத்து பையோடு ஆள் வரும். வீடு முழுக்க ஈரத்துண்டு. இந்த அமளிக்கு நடுவில்தான் நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆப் டிசைன் செய்கிறேன்.

அந்த சீசனில் எனக்கு சீனியர் பதவி வந்தே ஆக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஆன்லைன் வகுப்புகளாகப் படித்துச் சான்றிதழ்களைக் குவித்திருந்தேன். "வேலைக்கும் போயாச்சு, இன்னும் என்னத்தட்டி படிக்கே?" என்று அம்மா சலித்துக்கொள்வாள். எங்கள் டீமுக்குத் தலைவரான லீட் அந்தச் சான்றிதழ்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க டிசைன் செஞ்ச ஆப்பை யாராவது பயன்படுத்தும்போது பக்கத்துல இருந்து பார்த்தீங்களா?" என்று கேட்டு, அடுத்த மீட்டிங்குக்கு வீடியோவோடு வரச் சொன்னார்.

யாரைப் பிடிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது குற்றாலத்தில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டார்கள். வந்த கூட்டம் மொத்தமும் வீட்டிலேயே உட்கார்ந்து பஜ்ஜி கேட்டது. இதை விட்டால் ஆள் கிடைக்காது என்று, மதுரையிலிருந்து வந்திருந்த பெரியம்மாவிடம் போனைக் கொடுத்து வீடியோவை ஓடவிட்டேன். டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ஆப் அது. சோதனையின்போது டிசைனர் வாயைத் திறக்கக் கூடாது என்பது வகுப்பில் படித்த முதல் பாடம்.

பெரியம்மா டாக்டரின் படத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் படத்தையே தொட்டார்.

"படத்த இல்ல பெரியம்மா, கீழ பச்சையா இருக்குல்லா, அத அமுக்குங்க!"

அமுக்கினார். நேரங்கள் வந்தன. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. "பத்து மணி இருக்கு, பதினொண்ணு இருக்கு. ஏதாவது ஒண்ணத் தொடுங்க, இதுல என்ன யோசன!" அவர் பதறி எதையோ தொட, ஆப் முதல் பக்கத்துக்கே போய்விட்டது. "ஐயோ, அங்கன இல்ல, இங்கன!"

போலீஸ் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இத எந்தப் பய செஞ்சான்? பிடிச்சு உள்ள வைக்கணும்." அந்தப் பய நான்தான் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. பெரியம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டு, "எனக்குத்தான் கூறு இல்லட்டி" என்றார்.

மீட்டிங்கில் லீட் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். "முழுக்க உங்க குரல்தான் கேக்குது. நீங்க கத்தினதையெல்லாம் திரையில எழுதியிருந்தா கத்தவே வேண்டாமே" என்றார். பதவி மறுபடியும் தள்ளிப்போனது.

சீசன் நேரத்தில் இந்த வீட்டில் அந்த லீட் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து காட்டட்டும் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல் இயர்போனை மாட்டிக்கொண்டு, வீடியோவை மறுபடி ஓடவிட்டு, நான் கத்தியதை ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தேன். நேரங்கள் வந்த இடத்தில், என் சத்தத்துக்கு அடியில், பெரியம்மா மெல்லிய குரலில் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இது இன்னைக்கா, நாளைக்கா?"

கூசிப்போனேன். திரையில் நான் நேரத்தை மட்டும்தான் போட்டிருந்தேன். எந்த நாள் என்று எங்கேயும் போடவில்லை.