சேமியா ஐஸும் இரண்டு அட்டைகளும்

என் தங்கை ஐஸ் தின்றதால் சாகவில்லை. எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், குடிபாலாவுக்குப் பக்கம். நடந்தே தமிழ்நாட்டுக்குள் போய்விடலாம். நைனா, அதாவது அப்பாவின் வீடு இந்தப் பக்கம், அம்மா பிறந்த வீடு அந்தப் பக்கம். அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. பள்ளிக்கூட வாசலில் நான்தான் அவளுக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் தொண்டை வலிக்கிறது என்றாள். கழுத்து வீங்கியது. நைனா என் முதுகில் இரண்டு வைத்தார்.

"ஐஸ் வாங்கிக் குடுத்துக் கொழந்தைய இன்னா பண்ணி வச்சிக்கிற பாரு!"

மூன்று நாள் மிளகுக் கஷாயத்தில் போயிற்று. நான்காம் நாள் அவளால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. அப்புறம்தான் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படிந்திருந்தது. தொண்டை அடைப்பான், டிப்தீரியா. தடுப்பூசியெல்லாம் போட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். நைனா நிமிர்ந்து நின்று, எல்லாம் போட்டாயிற்று என்று தெலுங்கிலேயே சொன்னார்.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பத்து நாளில் அந்தத் தோல் உதிர்ந்தது, அவள் கஞ்சி குடித்தாள். இன்னும் இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழவே கூடாது, இதயத்தைக் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"தொண்டதான் ஆறிப்போச்சே, இன்னும் இன்னாத்துக்கு இங்க உக்காந்துகினு?" என்று நைனா கையெழுத்துப் போட்டு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலையில், குழாயடியிலிருந்து ஓடிவந்தவள் வாசலில் உட்கார்ந்தாள். "மூச்சு வாங்குது அக்கா" என்று என் மடியில் சாய்ந்தாள். திருப்பதிக்குக் கிளம்பிய ஆட்டோ சித்தூரைத் தாண்டவில்லை.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஐஸைப் பற்றியே பேசினார்கள். அம்மா என்னைப் பார்த்தாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கல்லூரியில் சேரச் சான்றிதழ் தேடியபோது டிரங்குப் பெட்டியில் தங்கையின் தடுப்பூசி அட்டைகள் கிடைத்தன. ஒன்று தமிழில், ஒன்று தெலுங்கில். தமிழ் அட்டையில் முதல் ஊசி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே 'ஆந்திராவில் போடப்பட்டது' என்று நர்ஸ் எழுதியிருந்தார். தெலுங்கு அட்டையில் 'தமிழ்நாட்டில் போடப்பட்டது' என்று இருந்தது. அட்டைகளைத் தூக்கி அம்மாவின் முன்னால் போட்டேன்.

"மொத ஊசிக்கே ஜொரம் வந்து ராத்திரியெல்லாம் கத்திச்சி. திருமலைல மொட்ட போடுற வரிக்கும் ஊசி வேணாம்னு ஒங்க நைனாதான் சொல்லிட்டாரு. நர்ஸம்மா கேட்டா அந்தப் பக்கம் போட்டுக்கினோம்னு சொல்லச் சொன்னாரு."

மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள், ஊருக்கே சோறு போட்டார்கள். ஊசியை மட்டும் மறந்துவிட்டார்கள். இரண்டு மாநிலத்திலும் வீடு இருக்கிறது என்று பீற்றிக்கொள்கிற குடும்பம், இரண்டு மாநிலத்தையும் ஏமாற்றியது. பழியை மட்டும் ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியது.

இப்போது நான் திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தொண்டை அடைப்பான் கிருமி தொண்டையிலேயே உட்கார்ந்திருக்கும், அதன் விஷம்தான் ரத்தத்தில் ஊர் சுற்றும். நம் செல்கள் ஓயாமல் புரதம் செய்தபடி இருக்கின்றன, பூக்கட்டுவது போல, ஒவ்வொன்றாகக் கோத்து. ஒரு முடிச்சு விழுந்ததும் சரத்தை ஒரு படி நகர்த்த ஒரு விரல் வேண்டும். செல்லுக்குள் அந்த விரலாக இருப்பதும் ஒரு புரதம்தான். விஷம் அதன்மேல் ஒரு சின்னத் துணுக்கை ஒட்டி அதை மரத்துப்போகச் செய்துவிடும். பூ இருக்கும், நார் இருக்கும், சரம் நகராது. விஷமோ தீர்ந்துபோகாது, அடுத்த விரலுக்குப் போகும், அதற்கடுத்ததற்கும் போகும். புரதம் இல்லாமல் செல் செத்துப்போகும். முறிவு மருந்து வெளியில் திரிகிற விஷத்தைத்தான் பிடிக்கும். உள்ளே நுழைந்துவிட்டதை எதுவும் செய்யாது. மூன்று நாள் கஷாயம் காய்ச்சியபோது அது அவள் இதயத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஐஸுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நைனாவிடம் இதை இரண்டு முறை விளக்கினேன். இரண்டு முறையும் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர்களை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் நியாயமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் தங்கை சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். அது மூக்கு வழியாக வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அதை வித்தை என்று நினைத்தேன். தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்தேன். விஷம் அண்ணத்தின் நரம்பை முடக்கிவிட்டது என்பதும், இதயத்திலும் அதே வேலை நடக்கிறது என்பதும் எனக்கு எங்கே தெரியும்?

"இன்னொரு வாட்டி பண்ணுடி" என்றேன்.

பண்ணினாள். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது நான்தான்.