சோற்றில் வந்த முடி

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள். கட்டுக்கதை என்று நினைத்தால் உங்கள் இஷ்டம். இது என் வாய்க்குள்ளேயே நடந்தது.

நான் ஆட்ரி, மனநல மருத்துவர். மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். குற்றம் செய்து, புத்தி சரியில்லை என்று நீதிமன்றம் அனுப்பியவர்களுக்கு அங்கே தனி வார்டு. கமலநாதன் பல வருடமாக அங்கே இருக்கிறார். சோற்றில் வேண்டுமென்றே முடி போடுகிறாள் என்று மனைவியைக் கொன்றவர். இப்போது மகள் தாமரை அவரைச் செமினியில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப்போகக் கேட்டிருந்தாள். அனுப்பினால் அவள் உயிருக்கு ஆபத்தா? அதைச் சொல்ல வேண்டியது நான்தான்.

கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஆள் மனம்விட்டுப் பேசுவார். அதனால் மதியம் ஒன்றேகாலுக்கு என் சாப்பாட்டு டப்பாவோடு எதிரில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு வார்டுச் சோறும் மீன் கறியும். எனக்கு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் தங்கை பெர்னடெட் கட்டிக்கொடுத்த புளிச்சோறு.

அவர் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு விரலை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்தது வெறும் எச்சில். அதை மேசை விளிம்பில் தடவினார். சீ! எனக்குக் குமட்டியது.

"இன்னும் முடி வருதா அங்கிள்?"

"வருது டாக்டர்."

"சமைச்சவங்க மேல கோபம் வருதா?"

"மொதல்ல அருவருப்பாதான் இருக்கும். அப்புறம் அது போயிரும் லா. கோபம்தான் வரும்."

போதும். இவரை அனுப்பக் கூடாது. மனதுக்குள் முடிவு செய்துவிட்டு ஒரு வாய் சோறு போட்டேன்.

நாக்கில் ஏதோ ஒட்டியது...

விரலை விட்டு இழுத்தேன். முடி. நரைத்த, நீளமான முடி. சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை. இழுக்க இழுக்க வந்தது... தொண்டைக்குள்ளிருந்து.

பெர்னடெட்டுக்கு ஒட்ட வெட்டிய கறுப்பு முடி. எனக்கும் நரை கிடையாது.

கமலநாதன் என்னையே பார்த்தார்.

"உங்களுக்குமா?"

ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் தாமரைக்குப் போன் செய்து, அப்பாவை அனுப்ப முடியாது என்றேன். அழுதாள். வைப்பதற்கு முன் கேட்டேன்.

"உங்க அம்மாவுக்கு நீளமான முடியா?"

"இல்ல டாக்டர். அம்மா மொட்டை. அப்பாவோட சந்தேகம் தீரட்டும்னு பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய் எடுத்துட்டாங்க. என்னையும் எடுக்க வச்சாங்க. வீட்டுல யாருக்குமே முடி இல்ல. அதுக்கப்புறமும் சோத்துல வந்துச்சுன்னுதான் அப்பா..."

போன வாரம் வீட்டில் பெர்னடெட் என் சோற்றில் ரசம் ஊற்றினாள்.

இரண்டாவது வாய்ச் சோற்றில் முடி வந்தது...

இழுத்தேன். மேசை விளிம்பில் தடவினேன்.

குமட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா, அக்கா?" அவள் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள்.

அன்றே துணிமணியை அள்ளிக்கொண்டு காஜாங்கில் தனி அறைக்கு வந்துவிட்டேன். என்ன கோபம், ஏன் போனாய் என்று அவள் தினமும் போனில் அழுகிறாள். அருவருப்பு போய்விட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?