சித்தப்பா விரலை எடுக்கவில்லை

போன வாரம் சிங்கப்பூரின் கிழக்கே பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்டோர் ரூமை ஒழித்துக்கொண்டிருந்த சித்தி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இது இன்னும் ஓடுதான்னு பாருடி. ஓடலைன்னா தூக்கிப் போட்டுடலாம்." உள்ளே சித்தப்பாவின் நெட்புக். சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இல்லாத குட்டிக் கணினி. கைப்பேசியே எல்லாமாகிப்போன இந்தக் காலத்தில் நெட்புக் என்ற பெயரையே யாரும் சொல்வதில்லை. மூடியைத் திறந்தேன். மற்ற எல்லா விசைகளிலும் எழுத்து அப்படியே இருந்தது. ஆங்கில 'ஏ' விசையில் மட்டும் எழுத்தே இல்லை, வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கு அந்த விசைதான் முதலில் தேயும். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று எனக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. வார நாளெல்லாம் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் பட்டு ஜிப்பா, கையில் மைக். கல்யாண விருந்துகளில் நிகழ்ச்சி நடத்துவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. "சாப்பிட வந்தவங்க சாப்பிடுங்க, பார்க்க வந்தவங்க பாருங்க. குறை சொல்ல வந்தவங்க மட்டும் கொஞ்சம் பொறுங்க, சாம்பார் வருது!" என்று ஆரம்பிப்பார். எத்தனை கல்யாணத்தில் கேட்டாலும் அந்த இடத்தில் சிரிப்பு வரும். ஒரே மகள். "எம்மக கல்யாணத்துல மைக்கை வேற எவனும் தொட முடியாது லா" என்று அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு, மேலே மறைப்பாக ஒரு மெல்லிய துணி. தொண்டையில் அழுத்திப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை அதில் சித்தியின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். வந்த குரலைக் கேட்டுவிட்டு அதை அலமாரியில் வைத்தவர்தான், திரும்ப எடுக்கவே இல்லை. பிறகு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும். அதில் அவர் ஒரு கிண்டலை எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். அப்புறம் படித்துவிட்டு மரியாதைக்குச் சிரிப்போம். அவருக்கா அது தெரியாது? கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவதையே விட்டுவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. சித்தி தயங்கித் தயங்கி வேறொரு தொகுப்பாளரை ஏற்பாடு செய்தபோது, சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போது நான் ஓர் அலுவலகத்தில் கணினி வாங்கும் வேலையில் இருந்தேன். எந்தக் கணினியைப் பார்த்தாலும் நாலு குறை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சித்தப்பாவுக்கு வேகமாகத் தட்டிப் பேச, கையோடு எடுத்துப்போக ஒன்று வாங்கலாம் என்று சொன்னவளும் நான்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் தோளில் பலமில்லை, பெரிய மடிக்கணினியைத் தூக்க முடியாது. வேறு வழியில்லாமல்தான் நெட்புக் என்று முடிவானது. எனக்கோ அதைக் கண்டாலே ஆகாது. வேகம் இல்லை, திரை சிறியது, நினைவகமும் குறைவு. விலை மலிவு என்பதைத் தவிர அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

செராங்கூன் சாலைப் பக்கம் அரிசியிலிருந்து தங்கம் வரை ஒரே கூரையின் கீழ் விற்கும் ஒரு கடைக்குச் சித்தப்பா, சித்தி, நான் மூவரும் போனோம். விற்பனையாளர் நம் ஆள். "மூர்த்தி சிறுசு, கீர்த்தி பெருசு லா அங்கிள்" என்று எடுத்துவைத்தார். நான் கணினியின் உள்விவரங்களைத் துருவிக்கொண்டிருக்க, சித்தப்பா தம் பாட்டுக்குத் தம் சோதனையை ஆரம்பித்தார். முதலில் அதைச் சித்தியின் கைப்பைக்குள் வைத்துத் தோளில் மாட்டி, அரிசி மூட்டைகள் வரை நடந்துவிட்டு வந்தார். பிறகு மூடியைப் பட்டென்று மூடினார், திறந்தார். திரை உடனே விழித்துக்கொள்கிறதா என்று பார்த்தார். மறுபடி மூடினார், திறந்தார். ஒரு விசையில் விரலை வைத்து எடுக்காமல் நின்றார். எழுத்து வரிசை வரிசையாக ஓட, அவர் புருவம் ஏறியது. "அங்கிள், மெதுவா லா! கீ போயிடும்" என்று விற்பனையாளர் பதறினார். சித்தப்பா வெள்ளைப் பலகையை எடுத்து, 'பெரிய ஸ்க்ரீன்ல மாட்டலாமா?' என்று எழுதிக் காட்டினார். விற்பனையாளர் பக்கவாட்டில் இருந்த இணைப்பைக் காட்டினார். "யாருக்குப் படம் காட்டப் போறீங்க சித்தப்பா?" என்றேன் நான். சிரித்துக்கொண்டார்.

கடைசிச் சோதனைதான் எங்களைத் திகைக்க வைத்தது. பக்கத்து வரிசையில் ஒரு பெண்மணி குக்கர்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஏதோ தட்டினார். கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். 'அக்கா, நல்லா விசில் அடிக்கிறதா பார்த்து வாங்குங்க. என் விசிலைக் கழட்டிட்டாங்க.' அந்த அம்மா படித்தார், அவர் கழுத்துத் துணியைப் பார்த்தார், ஒரு கணம் முகம் வாடியது. அடுத்த கணம் குக்கரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாதக் கணக்கில் சித்தப்பாவுக்குக் கிடைக்காத சிரிப்பு அது. அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உயர்த்தினார். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பில்லைப் போடுங்க தம்பி" என்றார். நான் குறை சொல்வதையே மறந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு நடந்தேன். குடும்பத்தில் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதன் பிறகு அந்தக் குட்டிக் கணினி தேக்கா சந்தைக்குப் போனது, காப்பிக் கடைக்குப் போனது. மீன்காரரிடம் மலாயில் தட்டிப் பேரம் பேசியது. கல்யாணமும் வந்தது. காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது, மைக்கின் பின்னால் ஆள் இல்லை. "நிகழ்ச்சி நடத்த வர்றேன்னு சொன்ன தம்பி எங்கடி?" என்று சித்தி பதறினார். வர வேண்டாம் என்று சித்தப்பாவே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்த மணமக்களின் படங்கள் மறைந்தன. வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. அதில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது: 'வணக்கம். மைக் ரிப்பேர் இல்லை. நான்தான் ரிப்பேர்.'

மேடை ஓரத்தில் ஒரு சின்ன மேசை. அதன் முன்னால் பட்டு ஜிப்பாவில், கழுத்தில் அதே நிறப் பட்டுத் துணியோடு சித்தப்பா. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மண்டபம் விழித்தது. கடைசி மேசையில் யாரோ வெடித்துச் சிரித்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அடுத்து, 'சாப்பிட வந்தவங்க' என்று தட்டினார். அவ்வளவுதான். மீதியை ஜனங்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவர் விரல் பின்னால் ஓட, மண்டபம் முன்னால் ஓடியது. "சாம்பார் வருது!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஒரு மனிதரின் தொண்டையிலிருந்து எடுத்த குரல் இத்தனை தொண்டைகளில் பத்திரமாக இருந்திருக்கிறதே!

அப்புறம் யாம் செங். சீனர் விருந்தில் கோப்பையை உயர்த்தி மூச்சுள்ள மட்டும் இழுத்துக் கத்தும் வாழ்த்து. நம் கல்யாணங்களிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. குரல் இருந்த நாளில் சித்தப்பா இழுக்கிற இழுப்புக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது. திரையில் ஆங்கில ஒய் விழுந்தது. பிறகு ஏ. விரலை எடுக்கவில்லை. ஏ, ஏ, ஏ என்று எழுத்து திரையின் குறுக்கே ஓடியது. பட்டறைச் சீனர்கள் எழுந்தார்கள், மலாய் நண்பர்கள் ரோஜாப்பால் கோப்பையோடு எழுந்தார்கள், மண்டபமே "யாஆஆ" என்று கூடவே ஓடியது. முதல் வரி நிறைந்தது, இரண்டாவதும் நிறைந்தது. ஒவ்வொருவராக மூச்சு வாங்கி உட்கார்ந்தார்கள். அவர் விரல் அசையவில்லை. மூன்றாவது வரியில் நானும் தோற்றேன். கடைசியில் சித்தியின் குரல் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. அதுவும் உடைந்து, அழுகையும் சிரிப்புமாக, "போதுங்க, கையை எடுங்க!" என்று கத்தினார். சித்தப்பா அவரைப் பார்த்தார். விரலை எடுத்து, நிதானமாக மீதி எழுத்துகளைத் தட்டினார். அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சித்தப்பா போய் நான்கு வருடமாகிறது. போன வாரம் நெட்புக்கை மின்சாரத்தில் மாட்டினேன். பேட்டரி செத்துப்போயிருந்தது, ஆனாலும் இழுத்துப் பறித்துக்கொண்டு விழித்தது. "ஓடுது சித்தி" என்றேன். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து ஒய் தட்டினேன். தேய்ந்த விசையில் விரலை வைத்து அழுத்தினேன். எழுத்து ஓடத் தொடங்கியது. சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த சித்தி என் பின்னால் நின்று பார்த்தார். கரண்டியை மேசைமேல் வைத்தார். மெல்ல, "யாஆ" என்று ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். என் மூச்சு முதலில் முடிந்தது, பிறகு சித்தியுடையது. எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. கையை எடு என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். சித்தி சொல்லவில்லை.