புதுப்பட்டிப் பக்கம்

எங்கள் ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் ஏதாவது வெடித்தால் யாரும் காதைப் பொத்துவதில்லை. வாசலுக்கு ஓடி, எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்றுதான் பார்ப்பார்கள். எட்டாம் வகுப்பில் என்னோடு படித்த முத்துமாரியும் அப்படித்தான் ஓடினாள். ஆனால் அவள் ஓடியது ஒரு சிப்ஸ் பாக்கெட்டுக்கு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கார்த்தி காலிப் பாக்கெட்டை ஊதி, அவள் முதுகுக்குப் பின்னால் படாரென்று உடைத்தான். அவன் அப்பா காலண்டர் அச்சகம் வைத்திருந்தார். வெடிச்சத்தம் என்றால் அவனுக்குத் தீபாவளி மட்டும்தான். முத்துமாரி சோற்றுக்கையோடு வராந்தாவுக்கு ஓடி, எம். புதுப்பட்டி இருக்கும் திசையைப் பார்த்தாள். அங்கே பட்டாசுக் கம்பெனியில்தான் அவள் அம்மா வேலை பார்த்தார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். என் அம்மாவும் அதே வேனில் அதே கம்பெனிக்குப் போகிறாள் என்பது யாருக்கும் ஞாபகம் வந்துவிடக் கூடாதே!

தினமும் இதே கூத்து. தினமும் அவள் ஓடினாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

“பாக்கெட்டுன்னு தெரிஞ்சும் ஏண்டி ஓடுற?”

“என்னைக்காச்சும் நெசமா இருந்துட்டா?”

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

மறுநாள் படாரென்றதும் நானும் எழுந்து ஓடினேன். அவளுக்குத் துணையாக, வேண்டுமென்றேதான் ஓடினேன். பின்னாலேயே என் பக்கத்தில் உட்காரும் செல்வி வந்தாள். அப்புறம் கடைசி பெஞ்சுப் பையன்கள் நாலு பேர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போகிற ஊர். கடைசியில் வகுப்பே வராந்தாவில் நின்றது. கணக்கு வாத்தியாரும் பதறி ஓடிவந்தார்.

“எங்கனலே வெடிச்சிச்சு?”

“பாக்கெட்டு சார்” என்று சிரித்தாள் முத்துமாரி. அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே கார்த்தி கிழிந்த பாக்கெட்டோடு தனியாக நின்றான். கூடச் சிரிக்க ஆளில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனும் மெதுவாக வெளியே வந்தான்.

“எந்தப் பக்கம் பாக்கணும்?”

முத்துமாரி கையை நீட்டிக் காட்டினாள். அதன்பிறகு எங்கள் வகுப்பில் ஒரு பாக்கெட்டும் வெடிக்கவில்லை.

கோ-கோ போட்டியில் கோப்பை வாங்கியவளைப் போல வீட்டுக்கு நடந்தேன். வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“நீயும் எங்க கம்பெனிப் பக்கமா பாத்த?”

“ஆமா. புகை வருதான்னு நல்லா உத்துப் பாத்தேன்.”

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். கழுவியும் போகாத, பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி என் வெள்ளைச் சட்டையெல்லாம் அப்பியது. “யூனிபார்ம் போச்சு!” என்று கத்தினேன். முத்துமாரிக்காக நான் ஓடியதற்கு என் அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.