வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி

அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் கட்டிங் அண்ணன். முதலாளி அவரைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். இருபத்தாறு வருடமாகப் பேப்பர் வெட்டுகிறார். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அந்த மெஷினில் கத்தி இறங்கும். சும்மா இருக்கிற கை கத்திக்கு அடியில் போய்விடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. அந்தப் பொத்தான்கள் வருவதற்கு முன்பிருந்தே வெட்டுகிறவர், ஆனாலும் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வெட்டி விழுந்த துண்டுத் தாள்களை வீணாக்க மாட்டார். தைத்து, குட்டி நோட்டுகளாக்கித் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். எதிர்வீட்டு வாத்தியாரின் இரண்டு பெண்களும் அந்த நோட்டில் கணக்குப் போட்டுத்தான் வளர்ந்தார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் செய்த தப்பு இது. தப்புதான், அவரே சொல்வார்.

மறுநாள் பொதுக்கூட்டம். தலைவர் படம் போட்ட போஸ்டர் அவசரமாக வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வண்டியோடு வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். கலர் அச்சில் நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, தாளின் ஓர வெள்ளையில் ஒரு குறி போடுவார்கள். ஒரு வட்டம், அதற்குள் ஒரு கூட்டல். வெட்டும்போது அது குப்பைக்குப் போய்விடும் என்பதால் வெளியாட்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கடைசி இருநூறு தாளில் வலது ஓரம் மட்டும் பாக்கி இருக்கும்போது கத்தியின் விளிம்பு உடைந்து பல் விழுந்துவிட்டது. மாற்ற ஒரு மணி நேரமாவது ஆகும். வாசலில் ஹாரன் நிற்கவில்லை.

"போகட்டும், எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார்.

அதிலும் பாதகமில்லை. வெட்டாத தாளைச் சுவரில் இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டு போனால், முந்தைய தாளின் வெள்ளை ஓரத்தை அடுத்த தாள் மறைத்துவிடும். போஸ்டர் ஒட்டுகிறவரிடம் அதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒட்டுகிறவர் வேறு யாருமில்லை, இவருடைய சொந்த மச்சான், மனைவியின் தம்பி. வீட்டிலிருந்து ஒரு போன் போட்டால் தீர்ந்தது. அண்ணன் புதுக் கத்தியை மாட்டினார், சாப்பிட்டார், தூங்கினார். சொல்ல மறந்தார்.

மச்சான் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஏணியை வைக்க இடம் கிடைத்த வலது மூலையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளின் வலது ஓரமும் பக்கத்துத் தாளில் இடது விளிம்பை ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்த தலைவரின் நெற்றிமேல் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் கூட்டத்தில் எவனோ சுட்டான். தலைவருக்குத் தோளில் காயம். பக்கத்தில் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்த மைக் செட்காரர் அங்கேயே செத்துப்போனார். சுட்டவன் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பிவிட்டான்.

ஒரு மணி நேரத்தில் மஞ்சள் சேனல் அந்தச் சுவரைக் கண்டுபிடித்தது. தலைவருக்கு வேண்டிய சேனல் அது. நெற்றியில் வட்டம், வட்டத்துக்குள் கூட்டல். "குறி வைத்தது யார்?" என்று எதிர்க்கட்சியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பச்சை சேனல் எதிர்க்கட்சிக்கு வேண்டியது. போஸ்டர் அடித்தது தலைவரின் கட்சியேதான், அனுதாபத்துக்காக அவர்களே நடத்திய நாடகம் என்று அது பதிலுக்குக் கத்தியது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் உட்கார்ந்து ஒரு அச்சகக் குறிக்குப் பொழிப்புரை சொன்னார்கள். மைக் செட்காரரின் பெயரை இரண்டு சேனலும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

விடியற்காலையில் போலீஸ் மச்சானைப் பசை வாளியோடு அள்ளிக்கொண்டு போனது.

"சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அதுக்கப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லைங்க" என்றாள் மனைவி. அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அவனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அவன் போய்க் குறி வைச்சானாம்!"

அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினார். டி.வி.யில் அந்தச் சுவரைப் பார்த்த நிமிஷமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

அச்சகத்துக்கு ஓடினார். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன், வாயைத் திறக்காதீங்க. இங்கதான் அடிச்சதுன்னு தெரிஞ்சா மெஷினோட சேர்த்துக் கொளுத்திடுவானுங்க."

"என் மச்சான் உள்ள இருக்கான் முதலாளி."

"ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும். யாரு சாகப்போறா?"

அண்ணன் அலமாரியைத் திறந்தார். வெட்டாத தாள்களாகப் பார்த்து உருவினார். மிச்சமிருந்த போஸ்டர் இரண்டு. அதோடு இன்னொன்று. மஞ்சள் சேனலின் காலண்டரும் இதே மெஷினில்தான் அச்சாகிறது. அவர்களுடைய செய்தி வாசிப்பவர் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருக்க, தாளின் நாலு ஓரத்திலும் அதே வட்டம், அதே கூட்டல்.

ஸ்டேஷன் வாசலில் கேமராக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் மேசைமேல் போஸ்டர்களை விரித்தார். ஒன்றின் ஓரத்தை இன்னொன்றின்மேல் ஏற்றினார்.

"இடமிருந்து ஒட்டினா இப்படிம்மா. குறி அடியில போயிடும். வலமிருந்து ஒட்டினா இப்படி. நெத்தியில வந்து உட்காந்துக்கும். அவனுக்கு இது தெரியாது. வழக்கமா நான் வெட்டித்தான் கொடுப்பேன். அன்னைக்கு வெட்டலை, சொல்லவும் மறந்துட்டேன்."

"இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க."

காட்டினார். பிறகு காலண்டர் தாளை விரித்தார். இன்ஸ்பெக்டர் அம்மா நாலு குறியையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"இதைக் காலையிலயே வந்து சொல்றதுக்கு என்ன?"

"பயம்மா."

அந்த அம்மா நல்லவர். எழுதி வாங்கி, கையெழுத்துப் போடச் சொல்லி, மேலிடத்துக்கு இரண்டு போன் போட்டு, மூன்றரை மணிக்கு மச்சானை வெளியே விட்டார். மச்சான் கன்னம் வீங்கியிருந்தது. "மாமா, வாளியைத் தர மாட்டேங்கிறாங்க" என்றார் முதல் காரியமாக. அண்ணனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

வாசலில் இரண்டு சேனல்களும் மைக்கை நீட்டின. உண்மையைத்தானே சொல்கிறோம் என்று அண்ணனும் தாள்களைத் தரையில் விரித்து, இப்படி ஒட்டினால் இது, அப்படி ஒட்டினால் அது என்று பொறுமையாகக் காட்டினார். கூட்டத்தில் ஒருவர் தலையாட்டக்கூடச் செய்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

ஆறு மணிச் செய்தியில் மஞ்சள் சேனல் அவர் பேசியதில் நாலே வார்த்தையை வைத்துக்கொண்டது. "குறி போட்டது எங்க பிரஸ்தான்." கீழே கொட்டை எழுத்தில், 'ஒப்புக்கொண்டார்!' காலண்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. பச்சை சேனல், "கத்தியில பல் விழுந்துடுச்சு" என்பதைப் பிடித்துக்கொண்டு, சரியாக அன்றைக்குக் கத்தியை உடைக்கச் சொன்னது எந்தக் கட்சி என்று நாலு பேரை உட்காரவைத்து விசாரித்தது. தாளை மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியதை யாரும் காட்டவில்லை. மஞ்சள் சேனல் அவர் முகத்தை அப்படியே நிறுத்தி, பெரிசாக்கி, அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டது.

மனைவி எழுந்து போய் உள்ளங்கையால் அந்த முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். ரிமோட் அவள் இடுப்பிலேயே செருகியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. மச்சான் சட்டென்று எழுந்து முன்னால் போய் நின்றார். வந்தவர் எதிர்வீட்டு வாத்தியார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடப் பழக்கம்.

"கவலைப்படாதீங்க. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "யாரு சொல்லிச் செஞ்சீங்க?"

அண்ணன் கையை விடுவித்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், கசங்கிக் கிடந்த இரண்டு போஸ்டர்களையும் எடுத்துவந்து தரையில் விரித்தார்.

"இங்க பாருங்க சார். இடமிருந்து ஒட்டினா..."

வாத்தியார் குனிந்து பார்க்கவில்லை. முழங்காலில் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"புரியுது, புரியுது. இப்போ வெளிய சொல்ல முடியாதுதான்."

அவர் போனதும் அண்ணன் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருப் பிள்ளைகள் நோட்டு கேட்டு வருகிற நேரம் அது.